ராடுக்கு ஒரு பங்கு

கோட்டக்குப்பத்தில் கடலைப் பார்க்கக் கிழக்கே நடந்தால் போதும். மணலைப் பார்க்கத்தான் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். பல இடங்களில் கருங்கல் குவியல், அதற்கு அந்தப் பக்கம் நேரே தண்ணீர். தந்திராயன்குப்பம் பக்கம் வந்தால் தூண்டில் வளைவுகளின் இடுக்கில் கொஞ்சம் மணல் தங்கியிருக்கிறது. அதில் ஃபைபர் படகுகள் ஒன்றையொன்று இடித்தபடி நிற்கின்றன. மிச்ச இடத்தில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுப்பவர்கள், செல்ஃபி எடுக்க வந்தவர்கள், நாய்கள். சனி ஞாயிறில் பெங்களூர் வண்டிகள் வேறு. ஊருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் வந்து போகிற இடம் என்பதால், கல்மேல் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அது வசதி.

மார்கழி மாதம். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் சாயங்காலம். நாலு நாள் அடித்த மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. ஆரோவில் மேட்டிலிருந்து ஓடைகள் அரித்து இறக்கிய செம்மண் கரையோரத் தண்ணீரில் இன்னும் அடங்கவில்லை. கொஞ்ச தூரம் வரை காவி, அதற்கப்பால் பச்சை. இரண்டும் சேருகிற கோடு வளைவின் நுனியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லார் கண்ணும்.

நுனிக்கல் ஒரு பெரியவருடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்த புதுச்சேரிப் பையன்கள் இரண்டு பேர், அவர் தலை தெரிந்ததும் தாமாகவே எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். எழுபதை நெருங்கியவர். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. கையில் ராடு கிடையாது. பழைய தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, ஒரு முள். அவ்வளவுதான். வீசும்போது தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விடுகிறார். குண்டு போய் விழுகிற இடம் அந்தக் காவிக் கோட்டைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகாது, குறையாது. விழுந்ததும் நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு, பிறகு கடலைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். படகுகளைப் பார்க்கிறார், காக்காயைப் பார்க்கிறார், பீடி பற்றவைக்கிறார். விரல் மட்டும் கடலில் இருக்கிறது.

அவருக்கு நாலு கல் இந்தப் பக்கம் ஒரு பாய். கடைத்தெருவில் கடை வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டுவிட்டவர் என்பது பேச்சில் தெரிந்தது. இன்னொரு மகன் பிரான்சில். இந்த ஊரில் அது அதிசயமில்லை. அவன் அனுப்பிய ராடு, ரீல், கண்ணாடி மூடி போட்ட பெட்டி நிறைய ரப்பர் மீன்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதன் அறையில் வைக்கிறார். கடைக்காரர் கை, எடுத்த சாமான் எடுத்த இடத்துக்குப் போகிறது. கடைசியில் ரப்பர் எதையும் மாட்டவில்லை. பக்கத்தில் பக்கெட்டோடு நிற்கிற பையனைப் பார்க்கிறார்.

"உசுரோட ஒண்ணு குடுடா தம்பி."

பையனுக்குப் பதின்மூன்று பதினாலு வயது இருக்கும். வளைவின் உள்பக்கம், அலை அடங்கிய ஆழமில்லாத தண்ணீரில் வீச்சு வலை போட்டு மடவைக் குஞ்சு பிடிப்பது அவன் வேலை. ஈயமணி ஓரத்தைப் பல்லில் கடித்து, வலையை முழங்கையில் வாங்கி, இடுப்பைத் திருப்பி விட்டால் வட்டமாக விரிகிறது. பிடித்ததைப் பக்கெட்டில் போட்டு, அரைமணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றுகிறான். செத்த குஞ்சை இங்கே யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. இன்றைக்குக் காத்திருப்பது அப்படிப்பட்ட மீனுக்கு. கொடுவா செத்ததைத் தேடிப் போகாது. பதுங்கி நிற்கும், மடவையோ இறாலோ கடந்து போனால் வாயைத் திறக்கும். வாய்க்குள் தண்ணீர் பாய்கிற வேகத்தில் இரையும் சேர்ந்து உள்ளே போய்விடும். அப்போது மேல் தண்ணீரில் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். மேல்தாடை கண்ணுக்கும் பின்னால் வரை போகிற அந்த வாயைப் பார்த்தால் நம்பலாம்.

கொடுவா இந்த ஊரில் வாழ்கிற மீன் இல்லை. இந்த ஊர் வழியாகப் போகிற மீன். தெற்கே, புதுச்சேரியைத் தாண்டியதும் சங்கராபரணி ஆறு அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து கடலில் சேர்கிறது. செஞ்சி மலைப்பக்கம் தொடங்கி வீடூர் அணை வழியாக வருகிற தண்ணீர் அது. வடக்கே மரக்காணத்தைத் தாண்டி, ஆலம்பரைக் கோட்டை பக்கம், எடையன்திட்டுக் கழிமுகம். அதற்குப் பின்னால் உப்புக்கல்லி ஓடையும் கழுவேலி ஏரியும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே கோட்டக்குப்பத்துக்குச் சொந்தமாக ஆறு என்று எதுவும் இல்லை. மழைக்கு வரும் செம்மண் ஓடைகள்தான். ஆனால் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குக் கரையோரமாகப் போகிற மீன் இந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

அதன் பயணம் விசித்திரமானது. பெரிய கொடுவா உப்பு நிறைந்த கடல்வாயில்தான் முட்டையிடும், அதுவும் பௌர்ணமி அமாவாசையை ஒட்டி. ஏறுகிற ஓதம் முட்டையையும் குஞ்சையும் கழிக்குள் கொண்டுபோய் விடுகிறது. குஞ்சுகள் அங்கே வளர்ந்து, வழி இருந்தால் நல்ல தண்ணீர் வரை ஏறிப் போகின்றன. சில வருஷம் கழித்துத் திரும்பக் கடல்பக்கம் இறங்கும்போது பெரும்பாலும் எல்லாமே ஆண். இன்னும் சில வருஷம் போய், எடை கூடிய பிறகு, அதே மீன் பெண்ணாக மாறுகிறது. ஆற்றில் கிடந்தது கறுத்துப் பழுப்பேறியிருக்கும். கடலுக்கு வந்து நாளானது வெள்ளிக்காசு மாதிரி பளபளக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இதை முதன்முறையாக நம் நாட்டில் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதற்குப் பிறகு குளத்துக் கொடுவா சந்தைக்கு வர ஆரம்பித்தது. வளர்க்கிறவர்களின் பெரிய தொல்லை, குஞ்சுகளை அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்தபடியே இருக்க வேண்டும் என்பது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற கூடப்பிறந்ததையே விழுங்கிவிடும். வங்காளத்தில் இதன் பெயர் பெட்கி, கல்யாணப் பந்தியில் இது இல்லாமல் முடியாது. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. குயின்ஸ்லாந்தில் தூண்டில்காரர்கள் அளவுப் பட்டையோடுதான் போவார்கள். 58 செ.மீ.க்குக் குறைந்தால் தண்ணீரில் விட வேண்டும். அதிகபட்ச அளவும் உண்டு, பெரிய பெண் மீன்களைக் காப்பாற்ற. இந்தக் கல்மேல் அளவுப் பட்டை எதுவும் கண்ணில் படவில்லை.

புதுச்சேரிப் பையன்கள் ரப்பர் மீனை வீசி வீசி இழுக்கிறார்கள். காதில் பாட்டு. ஒவ்வொரு வீச்சையும் ஒருவன் செல்போனில் பிடிக்கிறான். ஒரு தரம் கல்லில் மாட்டி நரம்பு அறுந்தது. பெரியவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததும் அறுந்தபோது, "கல்லு மீனு தின்னாதுப்பா" என்றார். பாய் சிரித்தார்.

"இவங்களுக்கென்ன அண்ணே, கடையில வாங்கறது."

"கல்லும்தான் வாங்கினது. வாங்கிப் போட்டாங்க."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கிற கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்றுவாயில் கடலுக்குள் நீட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்தபடி இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே பட்டணத்தின் கரை கரைந்தது. பட்டணத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல்லுக்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது. அங்கேயும் கல். அப்படியே கோட்டக்குப்பம், சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று அரிப்பு ஊர் ஊராக வந்தது. வீடுகள் போயின. தூண்டில் வளைவு கேட்டு ஈசிஆரில் மறியல் நடந்தது. வளைவு கிடைத்த ஊரில் கொஞ்சம் மணல் நின்றது, அதற்கு அடுத்த ஊரில் அரித்தது.

கரைவலை இழுக்க நீளமான, அகலமான மணல் வேண்டும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே பின்னால் போக இடம் வேண்டும். இங்கே பின்னால் போனால் வீட்டுச் சுவர் இடிக்கும். படகை ஏற்றி நிறுத்தவே சண்டை. பெரியவர் நரம்பைப் பிடிக்கிற விதத்தில் ஒரு படகுக்காரர் தெரிகிறார்: பாதம் அகல வைத்து, முழங்காலைத் தளர்த்தி, ஆடாத கல்மேலும் ஆடுகிற பலகைமேல் நிற்பதுபோல. படகு இப்போது யாரிடம் இருக்கிறதோ. ஆனால் இந்தக் கல்லைக் கொடுவாவுக்குப் பிடித்திருக்கிறது. இடுக்குகளில் நண்டும் இறாலும் ஒதுங்க, மடவைக் கூட்டம் ஓரமாக மேய வர, பதுங்குகிற மீனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தூண்டில்காரர்களுக்கும் அப்படித்தான். முன்பு படகில் போக வேண்டியிருந்த ஆழத்துக்கு இப்போது செருப்புப் போட்டு நடந்து போகலாம். வலைக்காரர்களின் மணலைத் தின்ற கல், ராடுக்காரர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. இதை யாரும் யாரிடமும் குற்றமாகச் சொல்வதில்லை. நுனிக்கல்லைப் பெரியவருக்கு விட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெயில் மஞ்சளாகி, படகுகளின் நிழல் தண்ணீருக்குள் நீண்டது. ஓதம் ஏற ஆரம்பித்திருக்கிறது. இதுவரை காய்ந்திருந்த ஒரு பாசிக்கல்லை அலை நனைத்துவிட்டுப் போவதிலிருந்து தெரிகிறது. பாய் மாட்டிய மடவைக் குஞ்சு தக்கைக்குக் கீழே அமைதியாக நீந்திக்கொண்டிருந்தது. தக்கை சும்மா தலையாட்டியது. திடீரென்று தக்கை நடுங்கி ஒரு பக்கம் ஓடப் பார்த்தது, நின்றது. பாய் ராடை இறுகப் பிடித்தார்.

"பெரிசு பக்கத்துல வந்தா குஞ்சு அப்படித்தான் பதறும்" என்றார் பெரியவர், திரும்பாமலே. அவர் எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்குள்ளிருந்து பாங்கு ஒலித்தது. ஒரு பள்ளிவாசல் தொடங்க, அடுத்தது அரை மூச்சுப் பின்னால் சேர்ந்துகொண்டது. பாய் தக்கையைப் பார்த்தார், ஊர்ப்பக்கம் பார்த்தார், மறுபடி தக்கையைப் பார்த்தார். பாட்டில் தண்ணீரை எடுத்தார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா? மஃரிப் ஆயிடுச்சு. இதோ வந்துடறேன்."

பெரியவர் தன் நரம்பைப் பாட்டிலில் சுற்றி இடுக்கில் செருகிவிட்டு வந்தார். ராடை வாங்கியபோது அடுத்த வீட்டுக் கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சுக்குத் தள்ளியே வைத்துக்கொண்டார். பாய் முகம், கை, கால் கழுவி மணலில் இறங்கி, படகுகளின் மறைவில் துண்டை விரித்தார். மேற்கைப் பார்த்து நின்றார். கடல் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால்.

'டொப்.'

தக்கை இருந்த இடத்தில் தண்ணீர் குழிந்து மூடியது. ரீல் அலறியது. பெரியவர் ராடைத் தூக்கினார், அது வில்லாக வளைந்தது. "தாத்தா, புடி புடி!" என்று பையன் பக்கெட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான். புதுச்சேரிப் பையன்கள் பாட்டைக் காதிலிருந்து பிடுங்கினார்கள். "ரீலைச் சுத்துங்க தாத்தா", "விடுங்க, விடுங்க, ஓட விடுங்க", "டிராக்கை டைட் பண்ணுங்க" என்று மூன்று யோசனைகள் ஒன்றாக வந்தன. பெரியவர் எதையும் கேட்கவில்லை. மீன் காவித் தண்ணீரிலிருந்து பச்சைக்கு ஓடியது. அங்கே ஒரு தரம் எம்பியது. முழு உடம்பும் வெளியே வந்து, வாயைத் திறந்து தலையை உதறியது. வெள்ளியாகத்தான் இருந்தது.

மணலில் பாயின் தோள் அசையவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். இத்தனை கூச்சலும் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. அவசரப்படவில்லை என்பதை நான் பார்த்தேன். மூன்று ரக்அத்தில் ஒன்றையும் அவர் சுருக்கவில்லை.

மீன் இப்போது திரும்பிக் கல்லை நோக்கி வந்தது. கொடுவாவுக்குத் தெரிந்த பழைய வித்தை அது. கல்லிடுக்கில் புகுந்துவிட்டால் சிப்பி ஒட்டிய விளிம்பில் எந்த நரம்பும் நிற்காது. ரீல் சுற்றி அந்தத் தளர்வை வாங்க வேண்டும். பெரியவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார், பின்பக்கமாக. பையன்களில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நொடி அவர் ராடைப் பையன் கையில் திணித்தார். தலைத்துண்டை உருவி உள்ளங்கையில் சுற்றினார். நேரே நரம்பைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுக்க ஆரம்பித்தார். எத்தனையோ வருஷம் இழுத்த இழுப்பு அது. மீன் பலமாக இழுத்தால் விரல்கள் தாமே விட்டன, நின்றால் இறுகின. ரீல் பண்ண வேண்டிய வேலையை விரல் பண்ணிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் ராடு ஒரு கம்பாகப் பையன் கையில் நின்றது.

கல்லுக்கு ஒரு பாகம் தூரத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. புதுச்சேரிப் பையன் ஒருவன் பாசிக்கல்லில் இறங்கி இரண்டு கையையும் நீட்டினான்.

"செவுள்ல கை வைக்காதடா! அறுத்துடும்! வாயில புடி, வாயில. பல்லு கிடையாது அதுக்கு."

கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி. வாய்க்குள்ளோ சொரசொரப்பு மட்டும்தான். பையன் கீழ்த்தாடையில் கட்டைவிரலை விட்டுத் தூக்கினான். மூன்று கிலோவுக்குக் குறையாது. இருட்டத் தொடங்கியிருந்ததால் யாரோ செல்போன் விளக்கை அடித்தார்கள்; மீனின் கண் இளஞ்சிவப்பாக மின்னியது. இந்த எடைக்கு ஆணாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் தப்பியிருந்தால் பெண்ணாகி, லட்சக்கணக்கில் முட்டையிட்டிருக்கும். அந்த நேரத்தில் இது என் மண்டையில் மட்டும்தான் ஓடியது. மற்ற எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்லேறி வந்தார். மீனைப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் பெரியவரின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். துண்டையும் மீறி ஒரு சிவப்புக் கோடு.

"எடுத்துக்கோங்கண்ணே. நீங்க இழுத்தது."

"ராடு உன்னுது, பாய்."

"நான் இல்லவே இல்லையே இங்க."

"ராடு இருந்திச்சில்ல."

இது கொஞ்ச நேரம் போனது. கடைசியில் பெரியவர் கல்மேல் குந்தி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். படகில் எப்படியோ அப்படி. எண்ணெய்ச் செலவு போக மிச்சத்தில் படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்குப் பங்கு உண்டு. இழுக்கிற ஆளுக்குப் பங்கு உண்டு. அப்படியே இங்கேயும்: ராடுக்கு ஒரு பங்கு. கைக்கு ஒரு பங்கு. மடவைக் குஞ்சு கொடுத்த பையனுக்கு அரைப் பங்கு. வாயைப் பிடித்துத் தூக்கியவன் தனக்கு வேண்டாம், போட்டோ போதும் என்றான். அதற்குப் பங்கு கிடையாது என்று பெரியவரும் ஒத்துக்கொண்டார். மீனை வெட்டக் கூடாது. விற்றுத்தான் பிரிக்க வேண்டும்.

விற்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டிருந்த மீன்கார அம்மா கூட்டத்தைப் பார்த்துவிட்டு வளைவின் அடிவாரத்தில் நின்றிருந்தார். மீனின் செவுளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ஒரு விலை சொன்னார். பெரியவர் காறித் துப்பினார். அம்மா ஏற்றினார். "கடையில கொடுவா என்ன விலை போவுதுன்னு எனக்குத் தெரியும்" என்று பாய் நடுவில் புகுந்தார். "அப்ப நீயே வாங்கிக்க பாய்" என்றார் அம்மா.

பாய் வாங்கிக்கொண்டார். அதுதான் வேடிக்கை. முழு விலையையும் நோட்டாக எண்ணிப் பெரியவர் கையில் வைத்தார். பெரியவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிரித்து, ராடுக்குரிய பங்கைத் திரும்பப் பாயிடமே கொடுத்தார். பாய் மறுத்தார். பெரியவர் முகம் மாறியதைப் பார்த்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையன் தன் அரைப் பங்கை இரண்டு தரம் எண்ணினான்.

"விலை வச்சுக் குடுத்தவளுக்கு ஒண்ணும் இல்லையா?" மீன்கார அம்மா நகரவில்லை. "வீட்டுல குழம்பு வைக்கப் போறீங்க இல்ல. தலையை எனக்கு அனுப்புங்க, பாய்."

"தலை ராடோட சேர்ந்தது" என்றார் பெரியவர்.